வீட்டு மீடியா சர்வரை வெளியூரிலிருந்து பார்ப்பது எப்படி: ரூட்டரைத் திறந்துபோடாமல் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கணினியை சர்வராக்கி, அதிலுள்ள படங்களை மற்ற சாதனங்களில் பார்க்க உதவும் இலவச மென்பொருளான ஜெல்லிஃபின் வீட்டுக்குள் அழகாக ஓடும். கைப்பேசி வீட்டு வைஃபையை விட்டு வெளியேறியதும் சர்வர் காணாமல் போய்விடும். இதற்குத் தீர்வு தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை 'ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள்' என்பதுதான், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பு சர்வருக்குப் போக ரூட்டரில் போர்ட் என்ற ஒரு வாசலைத் திறந்துவைப்பது. இந்தியாவில் பல வீட்டு இணைப்புகளில் அது வேலையே செய்யாது. வேலை செய்யும் இடங்களிலும், வேறு வழி இருக்கும்போது அதைச் செய்யாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. வெளியூரில் இருக்கும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் வீட்டு வலையமைப்பின் உறுப்பினர்களாக்கிவிட்டால், சர்வரை ஊருக்குத் திறந்து காட்ட வேண்டியதில்லை. இந்த வழிகாட்டி அந்த முறையைத்தான் விரிவாகச் சொல்கிறது.

எடுத்துக்கொள்ளும் அமைப்பு எளியது: விண்டோஸ் ஓடும் ஒரு பழைய மடிக்கணினி, அதில் ஜெல்லிஃபின், ஒரு வெளிப்புற வன்தட்டு, வீட்டில் ஃபைபர் இணைப்பு. பார்க்கப்போகிறவர்கள் பெங்களூரு விடுதியில் இருக்கும் மகள், சிங்கப்பூரில் இருக்கும் தம்பி குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவை உங்களுக்குச் சொந்தமான வட்டுகளிலிருந்து எடுத்த படங்களும், குடும்பக் கல்யாண வீடியோக்களும்.

முதலில் வீட்டுக்குள் சரியாக ஓடட்டும்

வீட்டிலேயே திக்கித் திணறும் படம் வெளியூரில் ஓடாது. ஆகவே சர்வர் கணினியை வைஃபையில் விடாமல் ரூட்டருடன் கேபிள் போட்டு இணையுங்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு ஒரே முகவரி எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கீடு செய்துவிடுங்கள், 192.168.1.20 என்பது போல ஏதோ ஒன்று. பிறகு வீட்டிலுள்ள இன்னொரு சாதனத்தின் உலாவியில் 192.168.1.20:8096 என்று தட்டினால் ஜெல்லிஃபின் திறக்க வேண்டும். 8096 என்பது அது வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் எண். சர்வர் கணினியில் திறந்து, மற்ற சாதனத்தில் திறக்கவில்லையென்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது என்று பொருள். உள்வரும் இணைப்புகளில் 8096-க்கு அனுமதி கொடுங்கள்.

பழைய கல்யாண டிவிடிகளை வைத்திருப்பவர்கள் இங்கேயே ஒரு வேலையை முடித்துவிடுவது நல்லது. நம் ஊர் டிவிடிகள் பெரும்பாலும் எம்பெக்-2 வடிவில், 720×576 அளவில், ஒன்றுவிட்ட கோடுகளாகப் பதிவானவை. எம்பெக்-2-வை உலாவிகள் நேரடியாக இயக்குவதில்லை. அதனால் யார் எப்போது பார்த்தாலும் சர்வர் அதை அந்தக் கணத்தில் வேறு வடிவுக்கு மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டியிருக்கும். விஎச்எஸ் கேசட்டிலிருந்து DV என்ற வீடியோ வடிவில் மாற்றிய கோப்புகள் இன்னும் மோசம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒன்றுவிட்ட கோடுகளை ஒன்றுசேர்க்கும் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கி, பெரும்பாலான சாதனங்கள் நேரடியாக இயக்கும் எச்.264 வடிவுக்கு ஒரே முறை மாற்றி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை ஒழிந்தது. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

பதிவேற்ற வேகம்தான் கணக்கு

வெளியிலிருந்து ஒருவர் படம் பார்க்கும்போது உங்கள் வீட்டுக்கு அது பதிவேற்றம். இணையத் திட்டத்தின் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் பதிவிறக்க வேகம். வேகச் சோதனை செய்து பதிவேற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். பழைய செம்புக் கம்பி இணைப்புகளிலும் மொபைல் டேட்டா இணைப்புகளிலும் பதிவேற்றம் மிகக் குறைவாக இருக்கும்.

நன்றாகச் சுருக்கிய 1080 தெளிவுப் படத்துக்கு நொடிக்கு 8 மெகாபிட் போதும். அதுவே மணிக்கு 3.6 ஜிபி, இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு 9 ஜிபி. கைப்பேசித் திரைக்கு 3 மெகாபிட்டே தாராளம். சுருக்காத புளூ-ரே நகல் 25 முதல் 35 மெகாபிட் வரை கேட்கும். 4கே வட்டு நகல் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கலாம். மாதாந்தர டேட்டா வரம்பு இருக்கும் திட்டங்களில் பதிவேற்றமும் அந்தக் கணக்கில் சேரக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஐபி முகவரி உங்களுடையதுதானா?

ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP) என்று ஓர் எண் இருக்கும். கைப்பேசியை வீட்டு வைஃபையில் வைத்து, உங்கள் ஐபி என்ன என்று சொல்லும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து, இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. வேறுபட்டால், அதிலும் ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் என்ற அமைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோனதால் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்கு நிறுவனங்கள் பகிர்ந்து கொடுக்கின்றன. அதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண் வரிசை அது. 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலும் நிலைமை ஏறத்தாழ இதுதான், அல்லது உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் இருக்கிறது.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரூட்டர் வரைக்கும் வருவதே இல்லை. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். ஆனால் படம் பார்ப்பதற்காக மட்டும் என்றால் அது வீண் செலவு.

இந்த இடத்தில் சிலர் பிளெக்ஸுக்கு மாறலாமா என்று யோசிப்பார்கள். பிளெக்ஸ் தானே வெளியிணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும், உண்மைதான். ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல், சொந்தக் கோப்புகளை வீட்டுக்கு வெளியே பார்ப்பது அங்கே கட்டண வசதியாகிவிட்டது. ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து, திறமூலமாகவே வளர்ந்தது. அதில் எந்த வசதிக்கும் கட்டணம் இல்லை. கிளவுட்ஃபிளேர் சுரங்கம் என்ற இன்னொரு வழியையும் சிலர் சொல்வார்கள். சிஜிநாட்டைத் தாண்ட அது உதவும், ஆனால் அந்நிறுவனத்தின் விதிகள் சாதாரணக் கணக்கில் அதன் வழியாக வீடியோவை வரிசையாக அனுப்புவதை ஏற்பதில்லை. இணையதளத்துக்கு நல்லது, திரைப்படத்துக்கு வேண்டாம்.

டெயில்ஸ்கேல் அமைப்பது

டெயில்ஸ்கேல் என்பது வயர்கார்ட் என்ற விபிஎன் (தொலைவிலுள்ள சாதனங்களை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் முறை) நெறிமுறையின் மேல் கட்டப்பட்ட சேவை. வயர்கார்ட் சிறியது, வேகமானது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவின் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் வேலையையும் சாவிகளைப் பரிமாறும் வேலையையும் டெயில்ஸ்கேல் பார்த்துக்கொள்கிறது. படம் இரண்டு சாதனங்களுக்கும் இடையே மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது. குடும்பப் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டமே போதும்.

சர்வர் கணினியில் டெயில்ஸ்கேலை நிறுவி, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழையுங்கள். அந்தக் கணக்குதான் இனி உங்கள் வீட்டின் சாவி. அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுவிட்டு வாருங்கள். உள்நுழைந்ததும் கணினிக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும், 100.84.12.7 என்பது போல. முன்பு பார்த்த சிஜிநாட் எண் வரிசையைத்தான் டெயில்ஸ்கேலும் பயன்படுத்துகிறது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்து, பணிப்பட்டையின் ஓரத்தில் இருக்கும் டெயில்ஸ்கேல் சின்னத்தைச் சொடுக்கி, விருப்பத் தேர்வுகளில் 'ரன் அன்அட்டெண்டட்' என்பதை இயக்குங்கள். இது இல்லாவிட்டால் கணினியில் யாரும் உள்நுழையாத நேரத்தில் இணைப்பு இருக்காது. பிறகு டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் இயந்திரங்களின் பட்டியலைத் திறந்து, சர்வருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'டிசேபிள் கீ எக்ஸ்பைரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக ஒவ்வொரு சாதனத்தின் சாவியும் 180 நாளில் காலாவதியாகிவிடும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய அமைப்பு திடீரென்று ஒருநாள் நின்றுபோனதாகப் புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒரு சொடுக்கைத் தவறவிட்டவர்கள்.

இப்போது கைப்பேசி. டெயில்ஸ்கேல் செயலியை நிறுவி, அதே கணக்கில் உள்நுழையுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஜெல்லிஃபின் செயலியைத் திறந்து, சர்வர் முகவரியாக 100.84.12.7:8096 என்று உங்கள் எண்ணைக் கொடுங்கள். திறந்துவிட்டால் முக்கிய வேலை முடிந்தது. எண்ணை நினைவில் வைக்கச் சிரமமென்றால் மேஜிக் டிஎன்எஸ் வசதி இருக்கிறது. சர்வர் கணினியின் பெயரையே முகவரியாகத் தட்டலாம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன் மட்டுமே ஓடும் என்பதால், அலுவலக விபிஎன் இயங்கும்போது டெயில்ஸ்கேல் நின்றுவிடும்.

தொலைக்காட்சி

ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி சாதனங்களிலும், டிவிஓஎஸ் 17 முதல் ஆப்பிள் டிவியிலும் டெயில்ஸ்கேல் செயலி இருக்கிறது. சாம்சங், எல்ஜி தொலைக்காட்சிகளின் சொந்த இயங்குதளங்களில் இல்லை. தம்பி வீட்டில் அப்படிப்பட்ட தொலைக்காட்சி என்றால், எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு கூகுள் டிவி சாதனம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வீட்டு ரூட்டரில் விபிஎன் அமைப்பது, இன்னொரு கணினியை இடைத்தரகராக வைப்பது போன்ற வழிகளும் உண்டு. ஆனால் சிங்கப்பூரில் ஏதாவது பழுதானால் தொலைபேசியில் வழிகாட்டிச் சரிசெய்யப்போவது நீங்கள்தான் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

யாருக்கு எவ்வளவு

உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் சர்வரை மட்டும் தேர்ந்து 'ஷேர்' செய்தால் ஓர் இணைப்பு கிடைக்கும். தம்பி தன் கணக்கை உருவாக்கி அதை ஏற்றுக்கொண்டால், உங்கள் வலையமைப்பில் அந்த ஒரு கணினி மட்டும் அவருக்குத் தெரியும். அப்போதும் அந்தக் கணினியின் மற்ற சேவைகள், உதாரணமாக விண்டோஸ் கோப்புப் பகிர்வு, அவருக்கு எட்டக்கூடும். நிர்வாகப் பக்கத்தின் அணுகல் விதிகளில், பகிர்ந்துகொண்டவர்களுக்கு 8096 போர்ட் மட்டும் என்று வரையறுத்துவிட்டால் கவலையில்லை. தம்பி மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. தம்பி மகன் என்னென்ன செயலியை நிறுவுவான் என்று யாருக்குத் தெரியும்?

ஜெல்லிஃபினுக்குள்ளும் ஆளுக்கொரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். நிர்வாகி உரிமை ஒருவருக்கு மட்டும். கோப்புகளை அழிக்கும் உரிமையை மற்ற எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள். எந்த நூலகம் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதையும் அங்கேயே தீர்மானிக்கலாம். ஒவ்வொருவரும் எதுவரை பார்த்தார்கள் என்பதும் தனித்தனியாகப் பதிவாகும், அந்தச் சண்டையும் மிச்சம்.

டிரான்ஸ்கோடிங்: உண்மையான பாரம் இங்கேதான்

இணைப்பு கிடைத்த பிறகும் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் டிரான்ஸ்கோடிங். பார்ப்பவரின் சாதனத்துக்கு அந்த வடிவம் புரியாதபோதோ, வேகம் போதாதபோதோ, சர்வர் படத்தை அப்போதே வேறு வடிவுக்கு மாற்றி அனுப்புகிறது. இதை வெறும் மையச் செயலியால் செய்தால் பழைய மடிக்கணினியின் விசிறி அலறும்; 4கே என்றால் படம் நகரவே நகராது. இன்டெல் செயலிகளில் இதற்கென்றே குவிக் சிங்க் என்ற வன்பொருள் இருக்கிறது. 7-ஆம் தலைமுறை முதல் எச்.265 என்ற புதிய வீடியோ வடிவின் 10-பிட் கோப்புகளையும் அது கையாளும். ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் பிளேபேக் பகுதிக்குள் டிரான்ஸ்கோடிங் பக்கத்தைத் திறந்து, வன்பொருள் முடுக்கத்தில் இன்டெல் குவிக் சிங்கைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் இன்டெல் என்100 செயலி கொண்ட சிறு கணினி இதற்குப் பொருத்தம்; மின்சாரமும் மிகக் குறைவாகவே இழுக்கும். ராஸ்பெரி பை 5-இல் வீடியோவைக் குறியேற்றும் வன்பொருளே கிடையாது. மாற்றாமல் அப்படியே அனுப்பும் படங்களுக்கு மட்டும்தான் அது சரி.

அடுத்து, பிளேபேக் பகுதியிலேயே ஸ்ட்ரீமிங் பக்கத்தில் இணைய வேக வரம்பு ஒன்று இருக்கும். பதிவேற்றம் 40 மெகாபிட், ஒரே நேரத்தில் மூவர் பார்ப்பார்கள் என்றால் ஆளுக்கு 10 என்று வைக்கலாம். மீதி வீட்டிலிருப்பவர்களின் வீடியோ அழைப்புகளுக்கு. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. 192.168 போன்ற முகவரிகளை மட்டுமே ஜெல்லிஃபின் உள்வீட்டு முகவரிகளாகக் கருதுகிறது. டெயில்ஸ்கேலின் 100 முகவரிகள் அதன் கண்ணுக்கு வெளியார். இதனால் இரண்டு விளைவுகள். வலையமைப்புப் பக்கத்தில் 'அலோ ரிமோட் கனெக்‌ஷன்ஸ்' என்ற தேர்வை அணைத்துவிட்டால் டெயில்ஸ்கேல் வழியாக வருபவர்களும் திருப்பி அனுப்பப்படுவார்கள். வரவேற்பறைத் தொலைக்காட்சியிலும் 100 முகவரியையே போட்டுவைத்தால், வீட்டுக்குள்ளேயே வேக வரம்பு விழுந்து படம் மங்கலாகத் தெரியும். வீட்டுக்குள் 192.168, வெளியே 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வசன வரிகளும் இந்தப் பாரத்தில் சேரும். எழுத்து வடிவிலுள்ள எஸ்ஆர்டி கோப்புகள் இலேசானவை. புளூ-ரேயிலிருந்து வரும் பட வடிவ வசனங்களைப் பல சாதனங்களால் காட்ட முடியாது. சர்வர் அவற்றைப் படத்தின் மேலேயே பதித்து அனுப்ப, முழுப் படமும் டிரான்ஸ்கோடிங்குக்குப் போய்விடும். வசனத்தை அணைத்தால் நன்றாக ஓடுகிறது, போட்டால் நின்றுவிடுகிறது என்பதற்கு இதுதான் காரணம். தமிழ் வசன வரிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பிளேபேக் பகுதியில் மாற்று எழுத்துருக்களை இயக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஒரு கோப்புறையில் போட்டு அதன் இடத்தைக் காட்டுங்கள்.

மின்சாரம் போனால்

நீங்கள் ஊரில் இல்லாதபோது சர்வர் தானே எழுந்திருக்க வேண்டும். விண்டோஸ் மின் அமைப்புகளில் உறக்கத்தை 'ஒருபோதும் இல்லை' என்று வையுங்கள். மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்பதையும். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறது, ஆனால் ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இல்லை. அவற்றுக்கு 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. மேசைக் கணினியாக இருந்தால் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும் தேர்வு இருக்கும்.

விண்டோஸில் ஜெல்லிஃபினைச் சாதாரண முறையில் நிறுவினால், அந்தப் பயனர் உள்நுழைந்த பிறகுதான் அது தொடங்கும். நள்ளிரவில் விண்டோஸ் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் செய்தால், உள்நுழைவுத் திரையிலேயே கணினி நின்றிருக்கும். தானியங்கி உள்நுழைவு வைக்கலாம், அல்லது நிறுவும்போதே சேவையாக நிறுவலாம். இரண்டாவதில் வன்பொருள் முடுக்கம் தகராறு செய்யக்கூடும் என்பதால் முதலாவதை நான் விரும்புகிறேன். கணினி வீட்டுக்குள் பாதுகாப்பான இடத்தில் இருந்தால் மட்டும்.

போர்ட்டைத் திறந்தே தீருவேன் என்பவர்களுக்கு

பொது முகவரி இருந்து, டெயில்ஸ்கேல் நிறுவ முடியாத சாதனங்களில் பார்க்க வேண்டிய கட்டாயமும் இருந்தால், 8096-ஐ நேரடியாகத் திறக்காதீர்கள். அதில் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இல்லாமல் பயணிக்கும். டக் டிஎன்எஸ் போன்ற சேவையில் ஒரு பெயர் பெற்று, கேடி என்ற இடைநிலை சர்வரை நிறுவி, 80, 443 போர்ட்களை மட்டும் அதற்குத் திருப்பிவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைக் கேடி தானே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். நீண்ட கடவுச்சொற்கள், தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கைப் பூட்டும் அமைப்பு இரண்டும் கட்டாயம். அப்போதும் ஜெல்லிஃபினின் சில உள்முகவரிகள் உள்நுழைவைக் கேட்பதில்லை என்பது அந்தத் திட்டத்தின் பொதுப் பிழைப் பட்டியலில் நெடுநாளாக இருக்கும் விஷயம்.

வீட்டு மீடியா சர்வரைக் குறிவைத்து யார் வரப்போகிறார்கள் என்று கேட்கலாம். கடவுச்சொல் காப்பு நிறுவனமான லாஸ்ட்பாஸில் 2022-இல் நடந்த ஊடுருவலின் ஒரு கட்டம், அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியிலிருந்த பிளெக்ஸ் வழியாகத்தான் நடந்தது. அந்த ஓட்டையை பிளெக்ஸ் 2020 மே மாதத்திலேயே அடைத்து புதிய பதிப்பை வெளியிட்டிருந்தது. அந்தக் கணினியில் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஜெல்லிஃபினையும் விண்டோஸையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

மெதுவாக ஓடினால் எங்கே பார்ப்பது

கைப்பேசியின் டெயில்ஸ்கேல் செயலியில் சர்வரின் பெயரை அழுத்திப் பிடித்து 'பிங்' செய்து பாருங்கள். நேரடி இணைப்பு என்று வந்தால் நல்லது. டெர்ப் அல்லது ரிலே என்று வந்தால், இரண்டு பக்கமும் சிஜிநாட் கடுமையாக இருப்பதால் நிறுவனத்தின் இடைநிலைக் கணினி வழியாகப் படம் சுற்றி வருகிறது, வேகம் குறையும். சர்வர் வீட்டு ரூட்டரில் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியை இயக்கிப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஐபிவி6 இருந்தால் சிஜிநாட் குறுக்கே வராது, பெரும்பாலும் நேரடி இணைப்பு அமைந்துவிடும். வீட்டு ரூட்டரில், செயலிகள் தாமே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியை இயக்குவதும் சில இடங்களில் உதவும், ஆனால் அதை நம்பி நான் எதையும் அமைக்க மாட்டேன்.

இணைப்பு நேரடிதான், ஆனாலும் படம் நிற்கிறது என்றால், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறங்கள். ஓடும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே நேரடியாகப் போகிறதா, டிரான்ஸ்கோடிங் நடக்கிறதா, ஏன் நடக்கிறது என்று காரணத்தோடு எழுதியிருக்கும். வடிவம் பொருந்தவில்லை என்றால் ஹேண்ட்பிரேக். வசனம் என்றால் எஸ்ஆர்டி. வேகம் போதவில்லை என்றால், செயலியில் தரத்தை 4 மெகாபிட்டுக்கு இறக்கச் சொல்லுங்கள். விடுதி வைஃபையில் இரவு ஒன்பது மணிக்கு அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.